ஜெயித்தவரிடமிருந்து பரிசை விலைக்கு வாங்கலாமா?

“அண்ணே, என் மச்சான் ஊர்ல ஜல்லிக்கட்டுல பைக் அடிச்சிருக்கான். வண்டி இன்னும் எடுக்கல, பேப்பர்தான் கையில இருக்கு. ஷோரூம் விலையைவிட முப்பதாயிரம் கம்மியா முடிச்சுத் தரேன்.”

சென்னையை ஒட்டிய நம் நெமிலிச்சேரியில் யாராவது உங்களிடம் இப்படி வந்தால், அதை ஏமாற்று வேலை என்று உடனே தள்ளிவிட வேண்டியதில்லை. சம்மதமும் உடனே சொல்லிவிட வேண்டாம். பரிசாக வந்ததை வென்றவரிடமிருந்து விலைக்கு வாங்குவது சட்டப்படி தப்பே இல்லை. உலகமெங்கும் நடக்கிற வியாபாரம்தான். ஆனால் முப்பதாயிரம் மிச்சமா நஷ்டமா என்பது அந்தப் பேப்பரில் என்ன எழுதியிருக்கிறது, அரசுக்குச் சேரவேண்டிய பங்கை யார் கட்டினார்கள் என்ற இரண்டையும் பொறுத்தது.

வென்றவர் ஏன் விற்கிறார்? பெரும்பாலும் அந்தப் பொருள் அவருக்குத் தேவையில்லை என்பதால்தான். பொங்கலையொட்டி அவனியாபுரம், பாலமேடு, அலங்காநல்லூர் என்று வரிசையாக நடக்கும் ஜல்லிக்கட்டுகளில் சிறந்த மாடுபிடி வீரருக்கும் சிறந்த காளையின் உரிமையாளருக்கும் கார், டிராக்டர், பைக் என்று கிடைக்கிறது. வென்ற வீரர்கள் சிலர் மைக்கைப் பிடித்து, காருக்குப் பதிலாக அரசு வேலை கொடுங்கள் என்று கேட்டதைப் பார்த்திருப்பீர்கள். காருக்கு மாதா மாதம் பெட்ரோல் போட வேண்டும், நிறுத்த இடம் வேண்டும், இன்சூரன்ஸ் கட்ட வேண்டும். சம்பளம் நிச்சயமில்லாத இளைஞனுக்குப் பரிசுக் கார் ஒரு செலவுக் கணக்கு. விற்றுக் காசாக்கினால் வீட்டுக்கு ஓடு மாற்றலாம், தங்கை கல்யாணத்துக்கு ஆகும். இதில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

இதே கதை அமெரிக்காவில் படகில் நடக்கிறது. அங்கே பாஸ் என்ற மீனைத் தூண்டில் போட்டுப் பிடிக்கும் போட்டிகள் ஒரு தனித் தொழில். முதல் பரிசு பல நேரம் பணமாக வராது. எஞ்சின், டிரெய்லரோடு சேர்ந்த ஒரு விசைப்படகாக வரும். மேடையில் படகு நிற்கும், வென்றவர் ஏறி நின்று படம் எடுத்துக்கொள்வார். ஆனால் கைக்கு வருவது ஒரு சான்றிதழ். இன்ன நிறுவனத்தின் இன்ன மாடல் படகு, இன்ன எஞ்சினோடு, இன்ன டீலரிடம் பெற்றுக்கொள்ளலாம் என்று அதில் இருக்கும். போட்டிக்குப் போகிற அளவுக்கு மீன் பிடிப்பவரிடம் ஏற்கெனவே படகு இருக்கும். சிலருக்கு வேறொரு படகு நிறுவனத்தோடு விளம்பர ஒப்பந்தமும் இருக்கும், அவர் இந்தப் படகில் ஏறவே முடியாது. அதனால் சான்றிதழைக் கடை விலையைவிடக் குறைத்து விற்றுவிட்டு, அந்தப் பணத்தை அடுத்த போட்டிகளின் நுழைவுக் கட்டணத்துக்கு வைத்துக்கொள்வார்கள். வாங்குகிறவருக்கும் புதுப் படகு மலிவாகக் கிடைக்கிறது.

நம்மூர் மீன்பிடித் திருவிழாவில் இந்தத் தொல்லை கிடையாது. மதுரை, சிவகங்கை, புதுக்கோட்டை பக்கம் கோடையில் கண்மாய் வற்றும்போது ஊரே ஊத்தாவும் கச்சாவும் வலையுமாக இறங்குகிறது. பிடித்த மீன்தான் பரிசு, அன்று ராத்திரியே குழம்பாகிவிடும், யாரும் யாருக்கும் சான்றிதழ் எழுத வேண்டியதில்லை.

இனி அந்தப் பேப்பருக்கு வருவோம். மேடையில் கொடுக்கிற பெரிய அட்டைச் சாவியை விட்டுவிடுங்கள், அது படத்துக்கு. பரிசளிப்பவரோ ஸ்பான்சரோ எழுதித் தந்த கடிதம் அல்லது சான்றிதழ்தான் முக்கியம். அதை வாங்கும்போது நீங்கள் வண்டியை வாங்கவில்லை. வண்டியைக் கேட்டு வாங்கும் உரிமையை வாங்குகிறீர்கள். சட்டமும் இரண்டையும் வேறுவேறாகத்தான் பார்க்கிறது. கண்முன் நிற்கும் பொருளை விற்பது 1930-ஆம் ஆண்டுச் சரக்கு விற்பனைச் சட்டத்தில் வரும். இன்னும் கைக்கு வராத பொருளின் மீதான உரிமையை மாற்றுவது 1882-ஆம் ஆண்டுச் சொத்து மாற்றுச் சட்டத்தில் வரும்.

அந்தப் பழைய சட்டத்தின் மூன்று பிரிவுகள் இங்கே உங்களுக்கு நேரடியாக உதவும். 130-ஆம் பிரிவுப்படி இப்படிப்பட்ட உரிமையை எழுத்தில், விற்பவர் கையெழுத்தோடுதான் மாற்ற முடியும். டீக்கடையில் கை குலுக்கிப் பணத்தைக் கொடுத்தால் உரிமை உங்களுக்கு வந்துவிடாது. அடுத்து, மாற்றிக்கொண்ட விஷயத்தைப் பரிசு கொடுக்க வேண்டியவருக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும், அது 131. தெரிவிக்காமல் விட்டால் என்ன ஆகும்? விஷயம் தெரியாத ஸ்பான்சர் வண்டியை வென்றவரிடமே கொடுத்துவிட்டால் அவர் கடமை அத்தோடு முடிந்தது. நீங்கள் வென்றவரைத் துரத்திக்கொண்டு திரிய வேண்டியதுதான். மூன்றாவது 132, என் கணக்கில் இதுதான் முக்கியம்: வென்றவருக்கு எதிராக ஸ்பான்சர் என்னென்ன சொல்ல முடியுமோ அதையெல்லாம் உங்களுக்கு எதிராகவும் சொல்லலாம். அவர் போட்டி விதியை மீறியிருந்தால், பரிசு பறிபோனால், நீங்கள் காசு கொடுத்து வாங்கியதால் அந்த உரிமை சுத்தமாகிவிடாது.

பரிசு பறிபோவதெல்லாம் நடக்குமா என்று கேட்டால், 2022 செப்டம்பரில் அமெரிக்காவின் கிளீவ்லாந்தில் நடந்ததைச் சொல்ல வேண்டும். ஈரி ஏரியில் வால்ஐ மீன் பிடிக்கும் போட்டி. இரண்டு பேர் கொண்ட அணி கொண்டுவந்த மீன்களின் எடை, பார்க்கிற அளவுக்குப் பொருந்தவில்லை என்று போட்டி நடத்தியவருக்குச் சந்தேகம். எல்லோர் முன்னாலும் மீனின் வயிற்றைக் கீறினார். உள்ளே ஈயக் குண்டுகள், கூடவே வேறு மீனின் சதைத் துண்டுகள். அந்த வீடியோ உலகமெல்லாம் சுற்றியது. அடுத்த ஆண்டு இருவரும் நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டார்கள். பத்து நாள் சிறை, மீன்பிடி உரிமம் நிறுத்தம், போட்டிக்குப் பயன்படுத்திய படகும் பறிமுதல். அன்று மேடையிலேயே பரிசு அறிவித்து, அதை யாராவது அடுத்த நாளே விலைக்கு வாங்கியிருந்தால், அவர் கையில் மிஞ்சியிருப்பது ஒரு காகிதம்.

இங்கேயும் இதற்கு இணையான சச்சரவுகள் உண்டு. 2024 அலங்காநல்லூர் ஜல்லிக்கட்டில் இரண்டாமிடம் பெற்றவர் எண்ணிக்கையே தவறு என்று பகிரங்கமாக எதிர்த்தார். எந்த மாட்டை யார் பிடித்தார் என்பதில் சண்டை வந்தால் பரிசு யாருக்கு என்பதும் சண்டைதான். காளைக்குக் கிடைத்த பரிசில் இன்னொரு சிக்கல்: டோக்கன் ஒருவர் பெயரில், வாடிவாசலுக்குக் கொண்டுவந்தவர் இன்னொருவர், வளர்த்தவர் மூன்றாமவர் என்று இருக்கலாம். ஆவடி, பட்டாபிராம் பக்க மைதானங்களில் நடக்கும் டென்னிஸ் பந்து கிரிக்கெட்டில் ஓர் அணிக்கு ஒரு பைக் பரிசாக வந்தால் கேப்டன் மட்டும் கையெழுத்துப் போட்டு விற்க முடியாது. மீதிப் பத்துப் பேரும் ஒத்துக்கொண்டு எழுதித் தர வேண்டும், இல்லையென்றால் ஒருவர் மாற்றி ஒருவர் உங்கள் வீட்டு வாசலில் வந்து நிற்பார். வென்றவர் பதினெட்டு வயது நிரம்பாதவராக இருந்தால் அவர் போடும் ஒப்பந்தம் செல்லவே செல்லாது.

ஆகவே பேப்பரைப் படியுங்கள், குறிப்பாகப் பின்பக்கத்தில் இருக்கும் பொடி எழுத்துகளை. “பிறர் பெயருக்கு மாற்ற இயலாது” என்று ஒரு வரி இருந்தால் சான்றிதழை வாங்கும் பேச்சு அத்தோடு முடிந்தது. வண்டியை வென்றவரே எடுத்து, அவர் பெயரில் பதிந்து, அதன்பிறகு உங்களுக்கு விற்கலாம், அந்த வழி எப்போதும் திறந்திருக்கும். “பணமாக மாற்றித் தரப்படாது” என்ற வரி உங்களைத் தடுக்காது. இன்ன தேதிக்குள் பெற்றுக்கொள்ள வேண்டும் என்ற கெடு இருக்கும். எந்த ஊர் டீலர், எந்த மாடல், அந்த மாடல் வராவிட்டால் என்ன என்பதும் இருக்கும். மதுரை டீலரிடம் எடுக்க வேண்டிய வண்டியை நெமிலிச்சேரிக்குக் கொண்டுவரும் செலவு உங்களுடையது.

சான்றிதழில் அச்சிட்ட மதிப்பை மட்டும் நம்பிப் பேரம் பேசாதீர்கள். 2025 செப்டம்பர் 22 அன்று 350 சி.சி. வரையிலான பைக்குகளுக்கும் சிறிய கார்களுக்கும் ஜி.எஸ்.டி. 28-லிருந்து 18 சதவீதமாக இறங்கியது. அதற்கு முன்னால் அச்சான மதிப்பு இன்றைய ஷோரூம் விலையைவிடக் கூடுதலாக இருக்க வாய்ப்புண்டு. ஒரு டீலரிடம் போன் போட்டு இன்றைய ஆன்-ரோடு விலையைக் கேட்டுக்கொண்டு பேரத்தை அங்கிருந்து ஆரம்பியுங்கள்.

இப்போது வரி. பெரும்பாலானவர்கள் இங்கேதான் கையைச் சுட்டுக்கொள்கிறார்கள்.

லாட்டரி, குலுக்கல், டி.வி. போட்டி நிகழ்ச்சி போன்றவற்றில் வென்ற பரிசுக்கு 30 சதவீதம் வரி, அதன் மேல் 4 சதவீதக் கூடுதல் தீர்வை, ஆக 31.2. அடிப்படை விலக்கு வரம்பு எதுவும் இதற்குப் பொருந்தாது. வேறு வருமானமே இல்லாதவரும் கட்டியாக வேண்டும். பரிசு ₹10,000-ஐத் தாண்டினால் கொடுப்பவரே 30 சதவீதத்தைப் பிடித்துக்கொள்ள வேண்டும். பணமாகக் கொடுத்தால் பிடிப்பது சுலபம். வண்டியாகக் கொடுத்தால்? சக்கரத்தில் ஒன்றைக் கழற்றி வைத்துக்கொள்ள முடியாது. அதனால் வரி கட்டப்பட்டதை உறுதிசெய்த பிறகே பொருளை ஒப்படைக்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. 1961-ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தில் இவை 115பிபி, 194பி என்ற பிரிவுகள். 2026 ஏப்ரல் முதல் அமலுக்கு வரும்படி இயற்றப்பட்ட 2025-ஆம் ஆண்டுச் சட்டத்தில் எண்கள் வேறு, 30 சதவீதம் அதேதான்.

உடலுழைப்பால், திறமையால் வென்ற விளையாட்டுப் பரிசு கொஞ்சம் வேறு. விளையாட்டே தொழிலாக இருப்பவருக்கு அது தொழில் வருமானம். தொழில்முறை அல்லாத விளையாட்டு வீரர் பெறும் பரிசு அன்பளிப்பைப் போன்றது, வரி இல்லை என்று நேரடி வரிகள் வாரியம் 1986-இல் ஒரு சுற்றறிக்கை விட்டிருக்கிறது. மாடுபிடி வீரரின் கார் இதில் எந்தப் பக்கம் விழும் என்பதை விற்பவரின் ஆடிட்டர் பார்த்துக்கொள்ளட்டும். உங்களுக்குத் தெரிய வேண்டியது ஒன்றே ஒன்று: பரிசு கொடுப்பவர் வரி கேட்டுக் கையை நீட்டப் போகிறாரா இல்லையா?

கணக்குக்காக ஓர் எண்ணை எடுத்துக்கொள்வோம். குலுக்கலில் விழுந்த பைக், ஷோரூம் விலை ₹1,50,000. பேப்பரை ₹1,20,000-க்குத் தருகிறேன் என்கிறார். நீங்கள் பணத்தைக் கொடுத்துவிட்டு டீலரிடம் போகிறீர்கள். 30 சதவீத வரிக்கான சலானைக் காட்டுங்கள் என்கிறார்கள். வென்றவர் போனை எடுக்கவில்லை. வண்டி வேண்டுமென்றால் அந்த ₹45,000 உங்கள் தலையில் விழும். ஒரு லட்சத்துக்கு மேல் விலையுள்ள இரு சக்கர வண்டிக்குத் தமிழ்நாட்டில் 2023 நவம்பரிலிருந்து ஆயுள் வரி 12 சதவீதம், அதாவது சுமார் ₹18,000. பரிசு என்பது பெரும்பாலும் ஷோரூம் விலையோடு நின்றுவிடும், இந்த வரி அதில் அடங்காது. ஆக ₹1,83,000 ஆகிவிட்டது, இன்சூரன்ஸ் இன்னும் கட்டவில்லை. நேராக ஷோரூமுக்குப் போய் வாங்கியிருந்தால் ₹1,68,000-மும் இன்சூரன்ஸும். முப்பதாயிரம் மிச்சம் என்று கிளம்பியவர் பதினைந்தாயிரம் கூடக் கொடுத்திருக்கிறார்.

காருக்கு இந்த இடைவெளி இன்னும் பெரிது. ஆயுள் வரியே ஐந்து லட்சம் வரை 12, ஐந்திலிருந்து பத்து லட்சம் வரை 13, பத்திலிருந்து இருபது வரை 18, அதற்கு மேல் 20 சதவீதம் என்று ஏறுகிறது.

பெரிய மனிதர்களுக்கே இந்தத் தலைவலி வந்திருக்கிறது. 1985-இல் மெல்பர்னில் ரவி சாஸ்திரி வென்ற ஆடி 100 காரை இந்தியாவுக்குள் கொண்டுவர ராஜீவ் காந்தி அரசு சுங்க வரியைத் தள்ளுபடி செய்ய வேண்டியிருந்தது. சச்சின் டெண்டுல்கருக்கு, பிராட்மனின் 29 சதங்களைச் சமன் செய்ததற்காக வந்த ஃபெராரிக்கு ₹1.13 கோடி சுங்க வரி. தள்ளுபடி கேட்டபோது ஊரெல்லாம் சர்ச்சையாகி, கடைசியில் கார் கொடுத்த ஃபியட் நிறுவனமே கட்டியது. 2011-இல் சச்சின் அந்தக் காரை விற்றும்விட்டார். ஜெயித்த பரிசை விற்கிறான் என்று ஊரில் யாராவது அந்தப் பையனைக் கேலி செய்தால் இதைச் சொல்லலாம்.

வாங்குகிறவருக்கு வருமான வரித் தொல்லை உண்டா? சந்தை விலைக்குக் கீழே ₹50,000-க்கு மேல் மலிவாக வாங்கினால் அந்த வித்தியாசத்தை வாங்குபவரின் வருமானமாகக் கருதும் விதி ஒன்று இருக்கிறது. ஆனால் நிலம், வீடு, பங்கு, நகை, தங்கக் கட்டி, ஓவியம் போன்ற சில பொருள்களுக்குத்தான் அது. வண்டியும் படகும் அந்தப் பட்டியலில் இல்லை. பரிசாக வந்த தங்கத்தை மலிவாக வாங்குவதாக இருந்தால் மட்டும் யோசியுங்கள். ரொக்கத்திலும் ஒரு வரம்பு இருக்கிறது: ஒரே பரிவர்த்தனையில் இரண்டு லட்சமோ அதற்கு மேலோ ரொக்கமாகப் பெறக் கூடாது, பணத்தைப் பெற்றவருக்கு அதே அளவு அபராதம். எப்படியும் வங்கி வழியாகவே கொடுங்கள். நாளைக்குச் சண்டை வந்தால் உங்கள் கையில் இருக்கும் ஒரே சாட்சி அதுவாக இருக்கலாம்.

மலிவாகத் தருகிறேன் என்பவரிடம் இருக்க வேண்டிய அதே எச்சரிக்கை, நீங்களே ஜெயித்திருந்தால் பரிசுத் தொகையைவிட அதிகமாகத் தருகிறேன் என்று வருபவரிடமும் வேண்டும். 1967-இலிருந்து நடக்கும் கேரள அரசு லாட்டரியில் இது பழைய விவகாரம். சீட்டு யார் கையிலோ அவர்தான் வென்றவர் என்பதால், பரிசு விழுந்த சீட்டைக் கூடுதல் விலைக்கு வாங்கி, வரியைக் கட்டி, கணக்கில் வராத பணத்தை வெள்ளையாக்கிக்கொள்பவர்கள் உண்டு. விற்பவருக்குக் கொஞ்சம் லாபம்தான். ஆனால் பணமோசடித் தடுப்புச் சட்டத்தில் விசாரணை வந்தால் அவரையும்தான் கூப்பிடுவார்கள். தமிழ்நாட்டில் 2003 முதல் லாட்டரிக்கே தடை. இன்னொரு சட்டமும் இங்கே இருக்கிறது, பலருக்குத் தெரியாது: 1979-ஆம் ஆண்டுத் தமிழ்நாடு பரிசுத் திட்டங்கள் தடைச் சட்டம். கடையில் பொருள் வாங்கியவர்களுக்குள் குலுக்கல் போட்டுப் பரிசு கொடுப்பதை அது தடுக்கிறது. பிஸ்கட் கவரில் “இச்சலுகை தமிழ்நாட்டில் பொருந்தாது” என்று பொடி எழுத்தில் இருப்பதற்குக் காரணம் இதுதான். ஆகவே கடைக் குலுக்கலில் கார் விழுந்தது என்று ஒரு கூப்பனை நீட்டினால், அந்தப் பரிசைக் கொடுக்க மறுப்பவரை எந்த நீதிமன்றத்தில் எப்படிக் கேட்பது என்று யோசித்துவிட்டுப் பணத்தை எடுங்கள்.

சுத்தமான ஏமாற்றைக் கண்டுபிடிப்பது இதைவிடச் சுலபம். சுரண்டும் அட்டை தபாலில் வரும், சுரண்டினால் கார் இருக்கும், பிறகு ஒரு போன் வரும்: வரியை மட்டும் இந்தக் கணக்குக்கு அனுப்புங்கள். வருமான வரி தனி நபரின் கூகுள் பே எண்ணுக்குப் போவதில்லை, பான் எண்ணோடு சலானில் அரசுக்குப் போகிறது. கட்டிய வரி வென்றவரின் வருமான வரிக் கணக்கில் தெரியும், கொடுப்பவர் வரிப் பிடித்தச் சான்றிதழும் தருவார். இவற்றில் ஒன்றையும் காட்ட முடியாதவரிடமிருந்து வாங்காதீர்கள். ஏற்கெனவே பணம் போய்விட்டால் தாமதிக்காமல் சைபர் மோசடி உதவி எண்ணான 1930-க்குப் போன் செய்யுங்கள்.

எல்லாம் சரியாக இருக்கிறது, வாங்கலாம் என்று தீர்மானித்தால் இரண்டு வழி. முதல் வழியில் நீங்கள், வென்றவர், பரிசளிப்பவர், டீலர் நால்வரும் ஒரே மேசைக்கு வருகிறீர்கள். வென்றவர் தன் உரிமையை உங்களுக்கு எழுதித் தருகிறார், பரிசளிப்பவர் ஒப்புதல் கடிதம் தருகிறார், டீலர் பில்லையும் படிவம் 21 என்ற விற்பனைச் சான்றிதழையும் உங்கள் பெயரிலேயே போடுகிறார். ஆர்.சி.யில் முதல் உரிமையாளர் நீங்கள். வாரண்டிக்கும் கேள்வி இல்லை. இது நடந்தால் நல்லது, ஆனால் விளம்பரத்துக்காகப் பரிசு கொடுக்கும் ஸ்பான்சர்கள் வென்றவர் பெயரில்தான் பில் போடுவோம் என்று நிற்பது வழக்கம்.

அப்போது இரண்டாவது வழி. வென்றவரே வண்டியை எடுத்து, பதிந்து, ஆர்.சி. வந்த பிறகு நீங்கள் வாங்குவது. பழைய வண்டி வாங்குவதற்கும் இதற்கும் வித்தியாசம் இல்லை, கிலோமீட்டர் மட்டும்தான் குறைவு. எனக்கு இந்த வழிதான் பிடிக்கும், ஏனென்றால் வரி, உரிமை, தகராறு என்ற எல்லாக் கேள்விக்கும் பதில் கிடைத்து வண்டி கண்முன்னே நிற்கிறது. ஒரே குறை, சாலையில் ஓடாத வண்டியாக இருந்தாலும் நீங்கள் இரண்டாவது உரிமையாளர், நாளை விற்கும்போது விலை அடிபடும். அதற்காகவே ஆன்-ரோடு விலையில் பத்தில் ஒரு பங்காவது குறைத்துக் கேளுங்கள். குறைக்க மாட்டேன் என்றால் ஷோரூமுக்கே போய்விடலாம்.

இந்த வழியில் விற்பவர் படிவம் 29-ஐயும், இருவரும் சேர்ந்து படிவம் 30-ஐயும் தர வேண்டும். விற்ற 14 நாளுக்குள் விற்பவர் தெரிவிக்க வேண்டும், வாங்கியவருக்கு 30 நாள் கெடு. வெற்றுப் படிவத்தில் கையெழுத்து வாங்கி வைத்துக்கொண்டு, அப்புறம் மாற்றிக்கொள்ளலாம் என்று ஓட்டுகிற பழக்கம் நம்மிடம் நிறைய. இதில் அதிக ஆபத்து விற்பவருக்கு. ஆர்.சி.யில் யார் பெயர் இருக்கிறதோ அவரே விபத்து இழப்பீட்டுக்குப் பொறுப்பு என்று 2018-இல் நவீன் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது, வண்டி எத்தனை கை மாறியிருந்தாலும் சரி. ஜல்லிக்கட்டில் உயிரைப் பணயம் வைத்து வென்ற பையனை, வெளிவட்டச் சாலையில் நீங்கள் செய்யும் விபத்துக்குக் கோர்ட்டுக்கு இழுக்க வேண்டாம். இன்சூரன்ஸையும் 14 நாளுக்குள் உங்கள் பெயருக்கு மாற்றக் கேளுங்கள். மூன்றாம் நபருக்கான காப்பு சட்டப்படி வண்டியோடு வந்துவிடும், ஆனால் உங்கள் வண்டிக்கே அடிபட்டால் பெயர் மாற்றாத பாலிசியில் பணம் வாங்குவது பெரும்பாடு.

படகையே வாங்க நினைப்பவர் இருந்தால் அவருக்கும் ஒரு வார்த்தை. நெமிலிச்சேரியில் படகு எதற்கு என்று சிரிப்பவர்கள், 2015-இலும் 2023-இலும் சென்னைத் தெருக்களில் படகு ஓடியதை மறந்திருப்பார்கள். மீன்பிடிப் படகுக்கு ஜி.எஸ்.டி. 5 சதவீதம்தான், ஆனால் உல்லாசப் படகு என்றால் 2025 செப்டம்பரிலிருந்து 40. பரிசுப் படகு எந்த வகையில் பில் ஆகியிருக்கிறது என்று பாருங்கள். கடலில் மீன்பிடிக்க இறக்குவதாக இருந்தால் மீன்வளத் துறையில் பதிவு வேண்டும். அருகிலுள்ள துறை அலுவலகத்தில், உங்கள் பெயரில் பதிவாகுமா என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். எஞ்சின், டிரெய்லர் இரண்டும் சான்றிதழில் தனித்தனியாக எழுதப்பட்டிருக்க வேண்டும். வெறும் படகு என்று மட்டும் இருந்தால் கிடைப்பது வெறும் கூடுதான், விலையில் பெரும்பகுதி எஞ்சினில் இருக்கிறது.

கடைசியாகப் பணம் கொடுக்கும் முறை. சான்றிதழைக் காட்டியதும் முழுப் பணத்தையும் கொடுக்காதீர்கள். ஒரு சிறு தொகை முன்பணம், அதுவும் எந்த நிபந்தனை நிறைவேறாவிட்டால் திரும்பத் தர வேண்டும் என்று எழுதிய ஒப்பந்தத்தோடு. மீதி, சாவியும் பில்லும் கைக்கு வரும் அன்று. பிரச்சினை வந்தால் நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம் என்று நினைக்க வேண்டாம். உங்களுக்கு விற்றவர் வியாபாரி இல்லை, தனி மனிதர். ஸ்பான்சரிடம் நீங்கள் எதையும் காசு கொடுத்து வாங்கவில்லை. சிவில் கோர்ட்தான் வழி, ஒப்பந்தம் மீறப்பட்ட நாளிலிருந்து மூன்று ஆண்டுக்குள் வழக்குப் போட வேண்டும். பத்தாயிரம் ரூபாய் முன்பணத்துக்காக யாரும் அவ்வளவு தூரம் போவதில்லை என்பது விற்பவருக்கும் தெரியும், அதனால் அந்த முன்பணம் போனாலும் தூக்கம் கெடாத தொகையாக இருக்கட்டும்.